‘ஐசியு ஆம்புலன்ஸ்’ என்ற சொல்லை மட்டும் நம்பி நோயாளியை ஏற்றாதீர்கள்

தனியார் மருத்துவமனையிலிருந்து நோயாளியை வெளியூருக்கு மாற்ற நேர்ந்தால், அங்குள்ள ஊழியர் வரவழைத்துத் தரும் ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே ஏற்றுங்கள். மாரடைப்பு வந்த என் தந்தையை டெல்டா மாவட்டத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து திருச்சிக்குக் கொண்டுசென்றபோது நடந்ததை, வேறு எந்தக் குடும்பத்துக்கும் நேரக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

வெண்டிலேட்டர், மானிட்டர், பயிற்சி பெற்ற டெக்னீஷியன் எல்லாம் உண்டு என்று சொல்லி 18,000 ரூபாய் பேசி, முன்பணமும் வாங்கிக்கொண்டார்கள். வண்டி புறப்பட்ட பிறகுதான் மானிட்டர் திரை எரியவே இல்லை என்பதும், வெண்டிலேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாங்கி மட்டுமே இருப்பதும், டெக்னீஷியன் என்று அறிமுகமான இளைஞர் ஓட்டுநரின் உதவியாளர் என்பதும் தெரிந்தன. தஞ்சாவூரைத் தாண்டுவதற்குள் ஆக்சிஜன் அளவுமானியின் முள் சிவப்புக் கோட்டுக்கு இறங்கிவிட்டது. அந்த இளைஞர் யாரையும் கேட்காமல் ஆக்சிஜன் வரத்தைக் குறைத்தார். அப்பாவின் உதடுகள் நீலம் பாரிப்பதைப் பார்த்து நாங்கள் கூச்சலிட்ட பின்னரே, புறவழிச்சாலையில் வண்டியை நிறுத்தி, வேறொரு ஆம்புலன்ஸிடம் சிலிண்டர் வாங்கி மாட்டினார்கள். திருச்சி மருத்துவமனை வாசலில், ‘ஆக்சிஜன் சார்ஜ், வெயிட்டிங்’ என்று மேலும் 4,000 ரூபாயைக் கையில் வாங்கிய பிறகே ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். ரசீது தரவில்லை. அப்பா இப்போது தேறி வருகிறார்.

புகார் கொடுக்கச் சென்றபோதுதான் இந்தச் சிக்கலின் வேர் புரிந்தது. வண்டியின் தகுதிச் சான்று சரியாக இருப்பதாகவும், கட்டணம் தங்கள் பொறுப்பில்லை என்றும் போக்குவரத்து அலுவலகத்தில் சொன்னார்கள். மருத்துவமனை மட்டுமே தங்கள் வரம்புக்குள் வரும் என்று சுகாதாரத் துறை அலுவலகத்தில் கைவிரித்தார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆவது பிரிவு, ஆம்புலன்ஸாக மட்டும் இயங்கும் வாகனத்துக்குப் பெர்மிட்டே தேவையில்லை என்று விலக்கு அளிக்கிறது. உயிர்காக்கும் வண்டிக்குத் தடை இருக்கக்கூடாது என்ற நல்லெண்ணம் அதில் இருக்கலாம். ஆனால் பெர்மிட்டோடு சேர்ந்து வரும் கண்காணிப்பும் அதனால் விலகிவிடுகிறது. ஆட்டோவுக்குக்கூட மீட்டர் கட்டணம் நிர்ணயித்திருக்கும் அரசு, உயிருக்குப் போராடுபவர் ஏறும் வண்டியை விட்டுவைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏஐஎஸ் 125 என்ற தேசியத் தரநிலை ஆம்புலன்ஸ்களை நான்கு வகையாகப் பிரித்து, எதில் என்னென்ன கருவிகள் வேண்டும் என்று வரையறுக்கிறது. ஆனால் நள்ளிரவில் நோயாளியோடு புறப்படும் வண்டியில் அவை இருக்கின்றனவா, வேலை செய்கின்றனவா என்று பார்க்க ஆளில்லை.

2008 முதல் இயங்கும் 108 சேவைமீது எனக்குக் குறை ஏதும் இல்லை. தனியார் மருத்துவமனையிலிருந்து இன்னொரு தனியார் மருத்துவமனைக்கு மாறும்போதுதான் குடும்பங்கள் இப்படிச் சிக்கிக்கொள்கின்றன. அவசர சிகிச்சை கிடைக்காமல் போவது உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று 1996இல் மேற்கு வங்க வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006இல் சட்ட ஆணையம் தன் 201ஆவது அறிக்கையில் அவசர மருத்துவத்துக்கென மாதிரிச் சட்டத்தையே முன்வைத்தது. குஜராத் 2007இல் தனிச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டிலும் கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதம், தனியார் ஆம்புலன்ஸ்களுக்கு அரசு கட்டணம் நிர்ணயித்தது. ஆகவே இது முடியாத காரியமன்று. நெருக்கடிக்காலத்தில் செய்ததை நிரந்தரச் சட்டமாக்கி, வண்டிக்குச் சுகாதாரத் துறையின் உரிமம், தகுதி பெற்ற டெக்னீஷியன், கிலோமீட்டர் கட்டணப் பலகை, கட்டாய ரசீது, நோயாளியை அனுப்பும் மருத்துவமனைக்கும் பொறுப்பு ஆகியவற்றை அதில் சேர்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியமானது. நோயாளியின் நிலையை அறிந்த மருத்துவமனைதான் அந்த வண்டியை வரவழைக்கிறது.

அதுவரை, சிலிண்டரைத் திறக்கச் சொல்லி அளவுமானியைப் பாருங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் தேவைப்படும் நோயாளிக்கு, 1,500 லிட்டர் கொள்ளும் ‘பி’ வகைச் சிலிண்டர் நிரம்பியிருந்தாலும் இரண்டரை மணி நேரமே தாங்கும். மானிட்டரை நோயாளிக்குப் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். பேசிய தொகையையும் வசதிகளையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். பணத்தை யுபிஐ வழியாகச் செலுத்துங்கள். வண்டி எண்ணைப் படமெடுங்கள். எங்களிடம் இருந்த முன்பணப் பரிவர்த்தனையையும் வண்டியின் படத்தையும் வைத்தே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தாக்கல் செய்திருக்கிறோம். இதே கோரிக்கைகளைச் சுகாதாரத் துறைக்கும் எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதியுள்ளேன். இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் தொகுதி உறுப்பினருக்கும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.