ஒரே மாத்திரை, இரண்டு அட்டை: மருந்துச் சீட்டு எங்கே இருக்க வேண்டும்?

அம்மாவின் கணுக்கால் வீங்கியது. வயதானால் அப்படித்தான் என்று ஒரு வாரம் விட்டுவிட்டோம். பிறகு ஒருநாள் மாத்திரை டப்பாவை மேசையில் கவிழ்த்து, அட்டைகளின் பின்புறத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பெயர் வேறு, நிறம் வேறு, கம்பெனி வேறு. இரண்டுக்குள்ளும் இருந்தது ஆம்லோடிபைன் என்ற இரத்த அழுத்த மருந்து. இதய மருத்துவர் ஒன்று எழுதியிருந்தார். சர்க்கரைக்குப் பார்ப்பவர் தம் பங்குக்கு இன்னொன்று. இரண்டு மருந்துக் கடை, இரண்டு பில். அந்த மருந்தின் அளவு கூடினால் காலில் நீர் கோக்கும் என்பது மருத்துவம் படித்த எல்லாருக்கும் தெரியும். அம்மா இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்ததுதான் யாருக்கும் தெரியவில்லை.

அன்று முதல், மின்மருந்துச் சீட்டு, டிஜிட்டல் மருத்துவப் பதிவு என்று யார் பேசினாலும் அந்த இரண்டு அட்டைகளையே எடைக்கல்லாக வைத்துக்கொள்கிறேன். இதை எந்த முறை பிடித்திருக்கும்?

காகிதத்தில் தொடங்குவோம். நம் வீடுகளில் மருத்துவப் பதிவு என்பது ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும் ஒரு கோப்புதான். அதில் ஓ.பி. சீட்டு உண்டு, ஸ்கேன் உறை உண்டு, வெப்ப அச்சில் வந்து சில ஆண்டுகளில் வெளிறிப்போன ஈசிஜி தாளும் உண்டு. சீட்டு தொலைந்தால் காலி அட்டையே சீட்டு. அதைக் கடையில் நீட்டினால் போதும். மின்சாரம் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். கிறுக்கலைப் படிக்கும் வித்தை கடைக்காரருக்குக் கைவந்திருக்கிறது. கம்பெனி வைத்த பெயரை அல்ல, உள்ளிருக்கும் மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதி செய்தது. அது பின்பற்றப்பட்டிருந்தாலே எங்கள் வீட்டுக் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஒரே கடையில் இரண்டு சீட்டும் போயிருந்தாலும் அந்தக் கடைக்காரர் பிடித்திருப்பார். காகிதத்தின் காவல் அவ்வளவுதான்: ஒரு மனிதரின் ஞாபகம்.

நேர் எதிர் முனையில் நிற்கிறது எஸ்தோனியா. மக்கள்தொகை ஏறக்குறைய 13 லட்சம்; சேலம் மாவட்டத்தில் பாதிகூடத் தேறாது. அங்கே நாடு தழுவிய மருத்துவப் பதிவு முறை 2008-இன் இறுதியில் வந்தது. ஆனால் மக்களின் அன்றாடத்துக்குள் அது நுழைந்தது 2010 ஜனவரியில், மின்மருந்துச் சீட்டு தொடங்கியபோதுதான் என்பேன். மருத்துவர் எழுதியதும் சீட்டு அரசின் பொது அமைப்பில் சேர்ந்துவிடுகிறது. நோயாளி நாட்டின் எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் அடையாள அட்டையைக் காட்டினால் போதும். வழக்கமான மாத்திரையைத் தொடர்வதற்கு மருத்துவமனைக்கே போக வேண்டியதில்லை. தொலைபேசியில் கேட்டால் மருத்துவர் புதுப்பித்துவிடுவார். இந்த ஒரு வசதிக்காகவே மக்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சீட்டு பெரும்பாலும் மூலப்பெயரில் எழுதப்படுகிறது. ஒன்றோடொன்று மோதும் மருந்துகளைப் பற்றி மருத்துவரை எச்சரிக்கும் சேவையும் 2016-இல் சேர்ந்தது. அம்மா அங்கே பிறந்திருந்தால் இரண்டாவது ஆம்லோடிபைன் எழுதப்படும்போதே முதலாவது திரையில் நின்றிருக்கும்.

எல்லாம் ஓரிடத்தில் குவிந்தால் யார் வேண்டுமானாலும் எட்டிப்பார்ப்பார்களே? எஸ்தோனியாவின் பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. பார்ப்பதைத் தடுப்பதைவிட, பார்த்தவர் யார் என்பதைக் காட்டுவதில் அது கவனம் வைத்தது. தன் பதிவை யார், எப்போது திறந்தார் என்பதை நோயாளியே இணையத்தில் பார்க்கலாம். வேண்டாமென்றால் பதிவை மூடியும் வைக்கலாம்.

ஆஸ்திரேலியா சீட்டை நோயாளியின் கையிலேயே கொடுத்தது. அங்கே 2020 முதல் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ ஒரு டோக்கன் வருகிறது. அதிலுள்ள க்யூஆர் குறியைக் கடையில் காட்டி மருந்து வாங்கலாம். கேட்க நேர்த்திதான். ஆனால் ஒரு மருந்துக்கு ஒரு டோக்கன். ஐந்து மாத்திரை சாப்பிடுபவருக்கு ஐந்து செய்திகள். வாங்கி முடித்ததும் அடுத்த தவணைக்குப் புது டோக்கன். எழுபது வயதுக்காரர் கைப்பேசியில் வங்கி விளம்பரங்களுக்கு நடுவே அதைத் தேடும் காட்சியை நினைத்துப்பாருங்கள். கடைசியில் எல்லாச் சீட்டுகளையும் ஒரே பட்டியலாக, நோயாளியின் ஒப்புதலோடு கடைக்காரர் பார்க்கும் ஏற்பாட்டை அவர்களும் கொண்டுவர வேண்டியதாயிற்று. சுற்றிச் சுற்றி எஸ்தோனியாவின் வாசலுக்கே வந்தார்கள். நாடு தழுவிய மருத்துவப் பதிவில் அவர்களுக்கு வேறு வகைச் சிக்கல். 2012-இல் விரும்பியவர் சேரலாம் என்றார்கள், கூட்டம் வரவில்லை. பிறகு எல்லாரையும் சேர்க்கப்போகிறோம், வேண்டாதவர் 2019 ஜனவரிக்குள் விலகலாம் என்றதும் சுமார் 25 லட்சம் பேர் விலகிப்போனார்கள்.

இங்கிலாந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லா மருத்துவமனைகளையும் ஒரே குடையில் கொண்டுவர 2002-இல் கிளம்பிய மாபெரும் திட்டத்தை 2011-இல் அரசே கலைத்தது. அந்த இடிபாட்டிலிருந்து பிழைத்தவற்றில் ஒன்று, குடும்ப மருத்துவரிடமிருந்து நோயாளி தேர்ந்தெடுத்த கடைக்கு நேரே சீட்டு அனுப்பும் சேவை. கடை வரை போனது பிழைத்தது என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இனி நம் ஊர். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கியது. சேர்பவருக்கு ஆபா என்ற 14 இலக்கச் சுகாதார அடையாள எண் உண்டு. பதிவுகள் ஓரிடத்தில் குவிவதில்லை. உருவான மருத்துவமனையிலேயே இருக்கும். வேறொரு மருத்துவர் கேட்டால், நோயாளி தன் கைப்பேசியில் ஒப்புதல் கொடுத்தபின் அவருக்குப் போகும். தாளில் பார்த்தால் நான்கு நாடுகளின் முறைகளில் இதுவே நாகரிகமானது. தனியார் மருத்துவமனைகள் ஆளுக்கொரு செயலி வைத்துக்கொண்டு நம் பதிவுகளைத் தம் மதிலுக்குள் பூட்டிவைக்கும் வழக்கத்துக்கும் இதுதான் மாற்று.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவின் ஆதாரோடு இணைந்திருக்கும் எண் தம்பியுடையது. அவன் வெளியூரில் வேலை பார்க்கிறான். ஓடிபி அவனுக்குப் போகும். அவன் மீட்டிங்கில் இருப்பான். அம்மா மருத்துவர் முன் உட்கார்ந்திருக்க, நான் வாசலில் நின்று தம்பியை அழைத்துக்கொண்டிருந்தேன். அந்த மாலை டோக்கன் எழுபதைத் தாண்டியிருந்தது. மருத்துவர் பேனாவை எடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அப்படியே ஒப்புதல் கிடைத்திருந்தாலும், இரண்டு மருத்துவர்களின் கணினிகளும் திட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும். சீட்டு படமாக இல்லாமல் மருந்துப் பெயர் பிரிந்து பதிவாகியிருக்க வேண்டும். எங்கள் தெருமுனை மருந்துக் கடையோ இந்தச் சங்கிலியிலேயே இல்லை. ஆபா எண்ணைத் தட்டிச் சீட்டை வரவழைக்கும் கடையை நான் இன்னும் பார்க்கவில்லை. இந்தத் திட்டத்தில் மக்கள் கையில் உண்மையாகக் கிடைத்த வசதி என்றால், க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து ஓ.பி. வரிசையைக் குறுக்குவதுதான். அது நல்ல வசதி. இரண்டு அட்டைகளைப் பிடிக்காது.

பாதுகாப்பில் மட்டும் காகிதத்துக்குக் கொஞ்சம் மதிப்பெண் கூட்டிப் போட வேண்டும். சிங்கப்பூரில் 2018-இல் 15 லட்சம் நோயாளிகளின் விவரம் திருடுபோனது. அதில் பிரதமருடைய மருந்து விவரமும் அடக்கம். டெல்லி எய்ம்ஸில் 2022 நவம்பரில் சர்வர்கள் முடங்கியபோது, திரும்பக் கைக்கு வந்தது பேனாதான். பதினைந்து லட்சம் பிளாஸ்டிக் பைகளை ஒரே இரவில் யாரும் தூக்கிப்போக முடியாது.

கணினி எழுதினால் தவறே வராது என்பதும் இல்லை. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை. பட்டியலில் ‘தினமும்’ என்ற அடுத்த வரியில் விரல் பட்டால் உயிருக்கே ஆபத்து. கிறுக்கல் புரியாவிட்டால் கடைக்காரர் தயங்கி மருத்துவமனைக்குப் போன் செய்வார். பளிச்சென்று அச்சான தவறை அவர் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஆகவே என் ஓட்டு, சீட்டு ஓரிடத்தில் சேர்ந்து எந்தக் கடையிலும் திறக்கும் எஸ்தோனிய வழிக்கே. மருத்துவப் பதிவு முழுவதையும் அப்படிக் குவிக்க நான் சம்மதிக்க மாட்டேன். அதற்கு நம்முடைய ஒப்புதல் முறை இருக்கட்டும். மருந்துச் சீட்டு மட்டும் கவுன்டர் வரை போகட்டும், மூலப்பெயரில்.

அம்மாவின் கோப்பில் இப்போது ஒரு தாள் சேர்ந்திருக்கிறது. எல்லா மாத்திரைகளின் மூலப்பெயரும் வேளையும் அளவும் தமிழில் எழுதி, எழுதிக்கொடுத்த மருத்துவர் யார் என்றும் குறித்திருக்கிறேன். இரண்டு மருத்துவர்களும் அதை வாங்கிப் பார்க்கிறார்கள். ஒருவர் தம் கையாலேயே ஒரு மருந்தை அடித்தும் திருத்தினார். ஆபா அட்டையின் அச்சு அதற்குப் பின்னால் இருக்கிறது. அதை மட்டும் இதுவரை எந்த மருந்துக் கடையிலும் யாரும் கேட்கவில்லை.