ஊட்டியில் வாங்கிய கடல் நத்தைப் பெட்டி: ஓடுகள் அருமை, அட்டவணையை மட்டும் நம்பாதீர்கள்

ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் பள்ளி ஆய்வகச் சாமான் விற்கிற கடை ஒன்றில் கிடைக்கிற பெட்டி இது. 36 கடல் நத்தை ஓடுகள், பெயர்ச் சீட்டுகள், பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ், சுவரில் மாட்ட ஒரு வகைப்பாட்டு அட்டவணை. விலை 1,900 ரூபாய். கோத்தகிரிப் பக்கம் மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன், கடலையே நேரில் பார்க்காத எஸ்டேட் பிள்ளைகள் வகுப்பில் நிறைய, அதனால் யோசிக்காமல் வாங்கினேன்.

ஓடுகளைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது. முனை உடையவில்லை, பாலிஷ் போட்டு மினுக்கவில்லை, இயற்கை நிறம் அப்படியே இருக்கிறது. ஒரு சங்கை நெடுக்காக அறுத்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதற்கே பாதி விலை கொடுக்கலாம். நடுத்தண்டில் மடிப்புகள் தெளிவாகத் தெரிகின்றன. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ் 1767-ல் நம் சங்கை வொலூட்டா என்ற பேரினத்தில் போட்டதற்கு இந்த மாதிரி மடிப்புகள்தான் அடிப்படை. பிறகு அது டர்பினெல்லா பைரம் ஆனது. ஓட்டின் அமைப்பை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால் எதுவரை போகலாம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைத்ததில்லை.

அட்டவணைதான் பிரச்சினை. புரோசோபிராங்கியா, ஒபிஸ்தோபிராங்கியா, புல்மோனேட்டா என்று செவுளும் நுரையீரலும் இருக்கிற விதத்தை வைத்து மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். நான் கல்லூரியில் படித்ததும் இதுதான். ஆனால் 1997-ல் பாண்டர், லிண்ட்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட உடற்கூற்றுப் பண்புகளை ஒப்பிட்டுப் பார்த்து, புரோசோபிராங்கியா என்பது ஒரே மூதாதையிலிருந்து வந்த முழுக் குடும்பம் இல்லை என்று காட்டிவிட்டார்கள். 2005-ல் புஷேயும் ரொக்ருவாவும் வெளியிட்ட வகைப்பாட்டில் அந்தப் பிரிவு போயே போய்விட்டது, 2017-ல் டி.என்.ஏ. முடிவுகளையும் சேர்த்து அதை மறுபடி திருத்தினார்கள். இதெல்லாம் நடந்து இத்தனை காலம் ஆன பிறகும் புதுசாக அச்சடித்த அட்டவணையில் பழையது வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் பெட்டியின் கடைசி வரிசையைப் பார்க்கட்டும். தொப்பி வடிவத்தில் மூன்று லிம்பெட் (பாறையில் ஒட்டி வாழும் நத்தை) ஓடுகள் பக்கத்துப் பக்கத்தில், நெருங்கிய சொந்தம் மாதிரி. ஒன்று பட்டெல்லா வகை. அடுத்தது உச்சியில் துளை உள்ள ஃபிஸ்ஸுரெல்லா வகை, அது முற்றிலும் வேறு கிளை. மூன்றாவது சைஃபோனேரியா, அதற்குக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு, நம் கேரட் பாத்தியில் மழைக்கு வெளியே வருகிற நத்தைக்குத்தான் அது நெருங்கிய உறவு, பக்கத்து அறையில் இருக்கும் லிம்பெட்டுக்கு அல்ல. அலை அடிக்கிற பாறையில் ஒட்டிக்கொண்டு பிழைக்க அந்த வடிவம் வசதி, அதனால் தனித்தனியாகப் பல தடவை தோன்றியிருக்கிறது. உள்ளே இருக்கிற உடம்பையும் மரபணுவையும் பார்த்தால்தான் இது பிடிபடும். இவ்வளவு அழகான பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அட்டவணையில் ஒரு வரி இல்லை.

கூம்பு நத்தைகளுக்கு கோனஸ் என்றே சீட்டு இருக்கிறது, அது சரி. 2009-ல் ஓட்டின் அமைப்பையும், ஈட்டி போன்ற விஷப் பல்லையும் வைத்து இந்தக் குடும்பத்தை ஏராளமான பேரினங்களாக உடைத்தார்கள். டி.என்.ஏ. ஒப்பீட்டுக்குப் பிறகு 2015-ல் அதை நான்காகக் குறைத்தார்கள், பெரும்பாலான இனங்கள் கோனஸுக்கே திரும்பின. சோழிக்கு மட்டும் சைப்ரியா மொனெட்டா என்ற பழைய பெயர், இப்போது மொனட்டேரியா மொனெட்டா.

இதற்காக டி.என்.ஏ. ஒன்றே போதும் என்றும் நான் சொல்லவில்லை. 2005-ல் மேயரும் பாலேயும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சோழி நத்தைகளை ஒரே ஒரு மரபணுவை வைத்து இனம் கண்டுபிடிக்க முடியுமா என்று சோதித்தார்கள். முழுமையாக மாதிரி சேகரித்த குழுவில் அடையாளப் பிழை 4 சதவீதம். அரைகுறையாகச் சேகரித்த குழுவில் அதே முறைக்கு 17 சதவீதம். உடற்கூறும் மரபணுவும் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டும், அந்தச் சரிபார்ப்பைத்தான் மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். பெட்டி மேல் 'வகைப்பாட்டியல் தொகுப்பு' என்று போட்டிருப்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். 'அழகுச் சிப்பிகள்' என்று போட்டிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன்.

இன்னொன்று, எந்த ஓடு எங்கே எடுத்தது என்று எந்தச் சீட்டிலும் இல்லை. மன்னார் வளைகுடா என்றாவது போடலாம். 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் பல கடல் நத்தைகள் சேர்க்கப்பட்டன. அதில் ட்ரோக்கஸ் நைலோட்டிகஸ் என்று இருப்பதன் இன்றைய பெயர் ரோக்கியா நைலோட்டிகா. பழைய பெயர், புதுப் பெயர் இரண்டும் தெரியாமல் ஓடு விற்பதும் வாங்குவதும் ஆபத்து. இந்தப் பெட்டியில் அந்த இனமோ, பட்டியலில் உள்ள கொம்புத் தலைச்சங்கோ, ட்ரைடன் சங்கோ இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கு எடுத்துப்போனேன்.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க: பெட்டி மரத்தில் செய்தது. மரத்திலிருந்தும் அட்டையிலிருந்தும் வருகிற அமில ஆவி, ஈரப்பதம் சேர்ந்தால் ஓட்டின் சுண்ணாம்பை அரித்து வெள்ளைப் பொடி பூக்க வைக்கும். சேகரிப்பவர்கள் இதை பைன் (Byne, ஓர் ஆளின் பெயர், மரம் இல்லை) நோய் என்பார்கள், ஆனால் கிருமி எதுவும் காரணம் இல்லை. நம் ஊர் மூடுபனிக்கு இது சீக்கிரமே வந்துவிடும். வாங்கியதும் மூடி போட்ட பிளாஸ்டிக் தட்டுகளுக்கு மாற்றிவிடுங்கள்.

கடைக்காரர் நல்ல மனிதர். அட்டவணையைக் காட்டிக் கேட்டபோது, "அடிக்கிறவங்க வேற ஆளு டீச்சர், நீங்க திருத்தி எழுதிக் கொடுங்க, நான் அனுப்புறேன்" என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். அட்டவணை வேண்டாம் என்று சொன்னால் 150 ரூபாய் குறைத்துத் தருகிறார், அப்படியே கேட்டு வாங்குங்கள். ஓடுகளுக்கு ஐந்துக்கு ஐந்து, அட்டவணைக்கு ஒன்று.