ஒரு கிலோவாட் நீர்மின் தொகுப்பும் மணல் வடிகட்டியும்: இரண்டு மழைக்காலங்களுக்குப் பிறகு

காட்டுக்குள் 20 வீடுகள் மட்டுமே உள்ள ஒரு குடியிருப்புக்கு, ஒரு கிலோவாட் சிறு நீர்மின் தொகுப்பையும் அதனுடன் சேர்த்து விற்கப்படும், மணல் வழியே நீரை மெதுவாக இறக்கித் தூய்மையாக்கும் மெது மணல் வடிகட்டியையும் வாங்கி நிறுவும் பணியில் நான் இருந்தேன். இரண்டு மழைக்காலங்களும் ஒரு கோடையும் கடந்துவிட்டன.

இயந்திரத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 40 மீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 5 லிட்டர் நீர் இறங்கினால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 1,960 வாட். குழாயிலும் சக்கரத்திலும் ஜெனரேட்டரிலும் இழப்பது போக, இவ்வளவு சிறிய அமைப்பில் பாதி கைக்கு வந்தாலே நிறைவு. எங்களுக்கு 950 வாட் வந்தது. கோடையில் ஓடை நொடிக்கு 2 லிட்டராக மெலிந்தபோது, நீரைப் பீய்ச்சும் முனையான நாசிலைச் சிறியதாக மாற்றிப் பொருத்தியதும், அந்த நீர்த்தாரை கிண்ணங்களில் மோதிச் சுழலும் பெல்டன் சக்கரம் 380 வாட் தந்தது. வீட்டுக்கு இரண்டு 7 வாட் விளக்குகள் எரிய அது தாராளம். நள்ளிரவில் விளக்குகள் அணைந்து சுமை குறையும்போது சக்கரம் மிகைவேகம் எடுக்காதபடி, மிஞ்சும் மின்சாரத்தைக் கண்ட்ரோலர் ஒரு ஹீட்டருக்குத் திருப்பிவிடுகிறது.

தொல்லை எல்லாம் ஓடையில் நீர் எடுக்கும் இடத்தில்தான். தொகுப்போடு வந்த சருகுத் தடுப்பு, படுக்கையாக வைக்கும் தட்டை வலை. முதல் கனமழையில் ஈர இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் அப்பிக்கொள்ள, குழாய்க்கு நீர் தரும் தொட்டியில் நீர்மட்டம் இறங்கி, குழாய் காற்றை இழுத்துக் கொப்பளித்து, அரை மணி நேரத்தில் விளக்குகள் மங்கிவிட்டன. கொட்டும் மழையில், வழுக்கும் பாறைமேல், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கையால் இலை வழித்த அந்த இரவுகள் மறக்கவில்லை. பிறகு நாங்களே வலையை நன்கு சரிவாகச் சாய்த்து வைத்தோம். நீர் வலைக்குள் இறங்க, சருகு அதன்மேல் வழுக்கி ஓடைக்கே போய்விடுகிறது. ஜெனரேட்டருக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் தரும் கையேடு, இந்த வலைக்கு நான்கே வரிகளை ஒதுக்கியிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது.

வடிகட்டி எளிமையானது, உழைக்கக்கூடியது. ஒரு சதுர மீட்டர் மணற்பரப்பு மணிக்கு 100 லிட்டர் வீதம் இரவும் பகலும் வடித்தால் நாளுக்கு 2,400 லிட்டர். ஆனால் கிருமிகளைப் பெரும்பாலும் நீக்குவது மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்களால் உருவாகும் உயிர்ப்படலம். அது படிய இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். நிறுவ வந்தவர்களோ, முதல் நாளே குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். குழந்தைகள் குடிக்கும் நீர் விஷயத்தில் இதை ஏற்கவே முடியாது. படலம் படியும்வரை காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். கலங்கல் நீர் வந்து அடைத்துக்கொண்டால் மேல்மணலை ஓரிரு சென்டிமீட்டர் சுரண்டி எடுக்க வேண்டும், அதன்பின் படலம் மீளும்வரையும் அதே எச்சரிக்கை தேவை. சக்கரத்திலிருந்து வெளியேறும் நீரையே வடிகட்டிக்கு இணைத்திருந்தார்கள். பேரிங்கின் கிரீஸ் கலக்கக்கூடும் என்பதால், மேலே வண்டல் படியும் தொட்டியிலிருந்து தனிக்குழாய் போட்டோம்.

விளக்கொளியும் தெளிந்த நீரும் ஒரே ஓடையிலிருந்து வருவதைக் கண்ணால் கண்டபின் இந்தத் தொகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வாங்குமுன் கோடையின் கடைசி வாரத்தில், கொள்ளளவு தெரிந்த வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து ஓடையை அளந்துவிடுங்கள். உதிரி பேரிங்குகள் இரண்டையும் முதல் நாளிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அவை வந்து சேர ஐந்து வாரங்கள் ஆயின, அதுவரை 20 வீடுகளும் இருட்டில் இருந்தன.