அப்பா ஆல்பனியா, மகன் மர்டாக்கா?

ஸ்காட்லாந்தில் மன்னர் பெயரில் ஆண்ட இந்த இரண்டு ஆல்பனி பிரபுக்களில் யார் கெட்டிக்காரர் என்றால், யோசிக்கவே வேண்டாம், அப்பா ராபர்ட் ஸ்டூவர்ட்தான். நல்லவரா என்பது வேறு விஷயம். அண்ணன் மூன்றாம் ராபர்ட் அரியணையில் இருக்கும்போதே பிடி இவர் கையில்தான். அண்ணன் மகன் டேவிட் 1402-ல் இவருடைய காவலில், ஸ்காட்லாந்தின் ஃபாக்லாண்ட் கோட்டையில் செத்துப்போனான், பட்டினி போட்டார்கள் என்று பேச்சு, ஆனால் அவையில் இவர்மேல் குற்றமில்லை என்று தீர்ப்பு! 1406-ல் அண்ணனும் போய், அண்ணனின் இளைய மகன் இளவரசன் ஜேம்ஸ் இங்கிலாந்தில் சிறைப்பட்டிருக்க, ஆளுநரான இவருடைய முத்திரையைப் பார்க்கணும்: அரியணையில் உட்கார்ந்த கோலம், கிரீடம் ஒன்றுதான் பாக்கி. 1420-ல் எண்பது வயது வாக்கில் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

மர்டாக் பாவம். 1402-ல் ஹோமில்டன் குன்றுப் போரில் பிடிபட்டு பதின்மூன்று வருஷம் இங்கிலாந்தில் கைதி. அப்பா இவரை மீட்டார், ஜேம்ஸை மட்டும் மீட்கவில்லை, அதை ஜேம்ஸ் மறப்பாரா? அப்பாவுக்குப் பின் ஆளுநர் பதவி கிடைத்தும் சொந்த மகன் வால்டரையே அடக்க முடியவில்லை. 1424-ல் ஜேம்ஸ் திரும்பினார், அடுத்த வருஷமே ஸ்டர்லிங்கில் மர்டாக், இரண்டு மகன்கள், மாமனார் என்று நான்கு தலைகள் உருண்டன.