சொந்தமாகச் சேர்த்த ரேச்செட் பெல்ட்: சில வருடங்கள் கட்டிப் பார்த்த பிறகு

ஓட்டைக்குப் பதில் பல் பல்லாகப் பூட்டிக்கொள்ளும் ரேச்செட் பெல்ட்டைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் தோலைத்தான் தேடிப் போகிறார்கள். சென்னையில் இருப்பவர்களுக்குத் தோல் ஒரு பிரச்சினையே இல்லை, பெரியமேட்டில் சுற்றினால் கிடைத்துவிடும். ஆளை அலையவிடுவது பக்கிளும், தோலின் பின்பக்கம் தைக்கும் பிளாஸ்டிக் பல் பட்டையும்தான். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் எவ்வளவு உசத்தியான தோலை வாங்கியும் பயனில்லை.

கடையில் 'ஆட்டோலாக் பக்கிள்' என்று கேளுங்கள், எடுத்துப் போடுவார்கள். பல் பட்டை மட்டும் தனியாக வேண்டும் என்றால் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள். நான் நடைபாதைக் கடையில் ஒரு மலிவான ரெக்சின் ஆட்டோலாக் பெல்ட் வாங்கி, தையலைப் பிரித்து, பட்டையையும் பக்கிளையும் எடுத்துக்கொண்டேன். ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்த ஜோடி என்பதால் பொருந்துமா என்ற கவலை இல்லை. ரெக்சின் குப்பைக்குப் போகட்டும்.

பட்டையைக் கையில் வைத்துப் பார்த்தால் சங்கதி புரியும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் செங்குத்து. பெல்ட்டின் நுனி பக்கிளுக்குள் நுழையும்போது உள்ளே ஸ்பிரிங்கில் நிற்கும் சின்ன உலோக நாக்கு சரிவில் ஏறி, அடுத்த பள்ளத்தில் 'டிக்' என்று விழும். திருப்பி இழுத்தால் செங்குத்து முகத்தில் மோதி நின்றுவிடும். அதனால் சரிவு நுனிப் பக்கம் பார்க்க வேண்டும். மாற்றித் தைத்தால் பெல்ட் நிற்கவே நிற்காது. என் பட்டையில் பல்லுக்குப் பல் ஏறக்குறைய 6 மி.மீ. சாதாரண பெல்ட்டில் ஓட்டைக்கு ஓட்டை ஓர் அங்குலம் இருக்கும். இந்தப் பெல்ட்டின் மொத்த லாபமே அந்த வித்தியாசம்தான். விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு இடுப்புக்கே தெரியும்.

பக்கிளில் இரண்டு இடங்களை அளக்க வேண்டும். ஒன்று, தோலின் ஒரு முனையைக் கவ்விப் பிடிக்கும் வாய். இன்னொன்று, மறுமுனை பட்டையோடு சேர்த்து நுழைந்து போகும் வழி. என்னுடையதில் 3 மி.மீ. தோலும் பட்டையும் சேர்ந்தால் சரியாக ஓடுகிறது, அதற்கு மேல் தடித்தால் சிக்கும். ஆகவே முதலில் இந்த ஜோடியை வாங்கிவிட்டு, அப்புறம் தடிமன் அளக்கும் வெர்னியர் காலிப்பரோடு தோல் கடைக்குப் போங்கள். அகலமும் அப்படித்தான்: 35 மி.மீ. பக்கிளுக்கு 40 மி.மீ. தோல் ஒத்துவராது. ஜீன்ஸுக்கு 40, பேண்ட்டுக்கு 35 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வருவதில் பெரும்பாலானது குரோம் போட்டுப் பதனிட்ட தோல். ஷூவுக்கும் பைக்கும் அருமை, பெல்ட்டுக்கு எனக்குப் பிடிக்காது. மெத்தென்று இருக்கும், இழுவை கொடுக்கும். தாவரப் பட்டையில் பதனிட்டதைக் கேளுங்கள். ஆவாரம்பட்டை, கடுக்காய் என்று போட்டுப் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய தொழில், அந்த ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலுக்குப் புவிசார் குறியீடுகூட உண்டு. ஆனால் அதில் கண்ணில் படுவது பெரும்பாலும் மெல்லிய ரகம். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் வெட்டிய விளிம்பைப் பாருங்கள். சாயம் மேலோடு நின்று, நடுவில் நீலச் சாம்பல் கோடு தெரிந்தால் குரோம். உள்வரை பழுப்பாக இருந்தால் நாம் தேடியது.

அடுத்த சிக்கல் அளவு. 45 அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம் என்றால் அரை சதுர அடிகூட வராது. ஆனால் அது ஒரே நீளத்தில் வேண்டும், அதுவும் முதுகுப் பகுதியிலிருந்து வேண்டும். வயிற்றுப் பகுதி போகப் போக நீண்டுவிடும். முழுத் தோலிலிருந்து ஒரு கீற்றை மட்டும் அறுத்துத் தர எந்தக் கடைக்காரரும் சம்மதிக்க மாட்டார், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பெல்ட் பட்டறையில் கேட்டால் வார் அறுத்தே கொடுப்பார்கள். எனக்கு அங்கேதான் கிடைத்தது.

தைப்பதில் பெரிய வித்தை இல்லை. குத்தூசி, இரண்டு ஊசி, மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூல். பட்டையில் பழைய தையல் துளைகள் இருந்தால் அதையே பிடித்துக்கொண்டு போகலாம். பசை மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள், நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் அது விட்டுப்போகும்.

சரி, தினசரிப் பயன்பாட்டுக்கு வருவோம். தோல் நிறம் கறுத்து அழகாகிவிட்டது. ஓட்டை இல்லாததால் ஒரே இடத்தில் மடிந்து வெடிப்பதும் இல்லை. மழைக்காலத்தில் அலமாரிக்குள் சுருட்டி வைத்தால் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். துணியால் துடைத்து நிழலில் தொங்கவிட்டால் போதும். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லிப் பலர் வருவார்கள். பெல்ட் விறைப்பாக இருக்க வேண்டிய பொருள், அதை ஊறவைத்து எதற்கு?

தோற்றுப்போனது பக்கிள்தான். துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே முலாம் பூசியது. வியர்வை பட்டு முலாம் பொரிந்து, புள்ளி புள்ளியாக உரிந்தது. அப்புறம் ஸ்பிரிங் தளர்ந்து, உட்கார்ந்து எழும்போதெல்லாம் ஒரு பல் நழுவ ஆரம்பித்தது. இப்போது இருப்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பெல்ட்டைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே நுழைத்து, பலமாக இழுத்துப் பார்த்து வாங்கினேன். விலை தோலையே எட்டியது, அதைப் பற்றி வருத்தமில்லை.

பல் பட்டை இன்னும் நன்றாகவே இருக்கிறது. அடிக்கடி மாட்டுகிற நாலைந்து பற்களின் முனை மட்டும் லேசாக மழுங்கியிருக்கிறது. பள்ளங்களில் சட்டைப் பஞ்சும் தூசியும் அடைந்தால் 'டிக்' சத்தம் மந்தமாகும், பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். கவ்வும் வாயின் திருகுகள்தான் ஓயாத தொல்லை, நடக்க நடக்கத் தளரும். மரையில் ஒரு சொட்டு நகப்பூச்சு விட்டு முடுக்கிய பிறகு அசையவில்லை.

எடை கூடிக் குறைந்து கொண்டிருப்பவர்கள் பக்கிள் பக்கம் வாரை ஒட்ட வெட்டிவிடாதீர்கள். இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டுக் கொஞ்ச நாள் கட்டிப் பாருங்கள். வெட்டுவதற்கு எப்போது வேண்டுமானாலும் கத்தி இருக்கிறது.