முளை, காற்று, நீர்மட்டம்: டெக்ஸோமா ஏரிக்கரையில் எட்டு வருடக் கூடார அனுபவம்

டென்ட்டோடு பெட்டிக்குள் வரும் மெல்லிய கம்பி முளைகளை நான் இப்போது எடுத்துப் போவதே இல்லை. ஒரு அடி நீள இரும்பு முளைகள் பதினான்கு, கனமான சுத்தியல் ஒன்று, நைலான் கயிறு இரண்டு கட்டு. காரில் முதலில் ஏறுவது இவைதான். அரிசி, மாவு, படுக்கை எல்லாம் அப்புறம்.

டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில் 2016-இல் குடியேறினோம். அந்த வருடத்திலிருந்து எட்டு வருடங்களாக, வருடத்துக்கு ஐந்தாறு முறை எங்காவது நீர்க்கரையில் கூடாரம் போட்டு வருகிறோம். அதில் பாதிக்கு மேல் டெக்ஸோமா ஏரியில். வீட்டிலிருந்து 75-ஆம் நெடுஞ்சாலையில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். டென்ட், அடுப்பு, ஐஸ்பாக்ஸ் எது வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் இந்தச் சமவெளியில் ஒரு இரவு நன்றாக அமைவதும் அமையாததும் பொருளைவிட இரண்டு விஷயங்களில்தான் இருக்கிறது: காற்று எங்கிருந்து வருகிறது, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது.

டெக்சாஸ், ஓக்லஹோமா இரண்டின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் டெக்ஸோமா. ரெட் ரிவர், வாஷிட்டா என்ற இரண்டு ஆறுகளைத் தேக்கி, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1944-இல் கட்டி முடித்த டெனிசன் அணையால் உண்டான ஏரி. சுமார் 89,000 ஏக்கர். கரையில் நின்றால் பல இடங்களில் எதிர்க்கரை ஒரு கோடு போலத்தான் தெரியும். பொறியாளர் படையே இரு மாநிலக் கரைகளிலும் முகாம்களை நடத்துகிறது. டெக்சாஸ் பக்கம், அணைக்கு அருகே ஐசன்ஹவர் மாநிலப் பூங்கா இருக்கிறது. அதிபர் ஐசன்ஹவர் 1890-இல் பிறந்தது பக்கத்து டெனிசன் ஊரில்தான்.

முதல் வருடம் எல்லோரையும் போல நாங்களும் படத்தைப் பார்த்துத்தான் சைட், அதாவது கூடாரம் போடும் இடம், எடுத்தோம். தண்ணீருக்குப் பக்கம், மரம் மறைக்காத காட்சி, காலையில் டென்ட்டைத் திறந்தால் ஏரி. அப்படி ஓக்லஹோமா கரையில் ஒரு முகாமில் 2018 மே மாதம் தங்கியிருந்தபோதுதான் அந்த இரவு வந்தது. மாலையிலேயே தெற்கிலிருந்து காற்று நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. இருட்டிய பிறகு மேற்கே மின்னல் கோடு கோடாக நகர்ந்து வந்தது. பதினோரு மணி வாக்கில் டென்ட்டின் ஒரு கம்பு, கரும்பை முறித்த மாதிரி சத்தத்தோடு உடைந்தது. அடுத்த நிமிடம் துணி முகத்தில் விழுந்தது. சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு, பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டு கழிப்பறைக் கட்டடத்துக்கு ஓடினோம். கான்கிரீட் சுவர்க் கட்டடம் அது ஒன்றுதான். முகாமைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் ஒருவர் மழையில் நனைந்துகொண்டே ஒவ்வொரு கூடாரமாகத் தட்டி ஆட்களை அங்கே அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த மனிதரைப் பற்றி நாங்கள் இன்றும் பேசுவோம்.

விடிந்து பார்த்தபோதுதான் புரிந்தது. இந்தச் சமவெளியில் வருடத்தின் பெரும்பகுதி காற்று தெற்கிலிருந்து வருகிறது. நாங்கள் தங்கிய ஓக்லஹோமா பக்கம் டெக்ஸோமாவின் வடகரை; அங்கே அந்தக் காற்று பல மைல் தண்ணீர் மேல் தடையில்லாமல் ஓடி, அலையையும் கூட்டிக்கொண்டு நேரே உங்கள் வாசலில் வந்து முட்டுகிறது. அதே நேரம் தென்கரையில், முதுகுக்குப் பின்னால் மேடும் மரமும் உள்ள சைட்டில் விளக்குத் திரிகூட ஆடாது. ஆக, ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை தென்கரை.

குளிர்காலத்தில் கணக்கு தலைகீழ். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்குவதை இங்கே ‘நார்தர்’ என்கிறார்கள். மதியம் அரைக்கை சட்டையில் இருப்போம், ஒரு மணி நேரத்தில் 20, 30 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கிவிடும். தென்கரைதான் அப்போது அடி வாங்கும். எனவே அக்டோபருக்குப் பிறகு தண்ணீரை விட்டுச் சற்று உள்ளே, சீடர் மரங்களுக்குப் பின்னால் சைட் எடுப்பது எங்கள் வழக்கம்.

மே மாதத்தில் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கிளம்பும் முன் நார்மன் நகரில் உள்ள புயல் முன்னறிவிப்பு மையத்தின் வரைபடத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். ‘வாட்ச்’ என்றால் டொர்னேடோ என்ற சுழல்காற்று உருவாகும் வாய்ப்பு இருக்கிறது; ‘வார்னிங்’ என்றால் பார்த்துவிட்டார்கள் அல்லது ராடாரில் தெரிகிறது, உடனே ஓட வேண்டும். முகாமில் போன் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று வாங்கினோம். எட்டு வருடத்தில் வாங்கிய பொருட்களில் இதற்குத்தான் முதல் இடம்.

அடுத்தது நீர்மட்டம். டெக்ஸோமாவின் வழக்கமான மட்டம் கடல்மட்டத்திலிருந்து 617 அடி. 640 அடியைத் தொட்டால் அணையின் பக்கத்தில் உள்ள கான்கிரீட் விளிம்பு வழியாகத் தண்ணீர் தானே வழியும். நடுவில் இருக்கும் 23 அடி வெள்ளத்தைப் பிடித்து வைப்பதற்கு. தாழ்வான முகாம் சைட்டுகள் பல இந்த 23 அடிக்குள்தான் இருக்கின்றன. ஓக்லஹோமாவில் ஒரு வாரம் பலமாகப் பெய்தால் போதும், நீங்கள் பதிவு செய்த சைட்டின் மேஜைக்கால் தண்ணீரில் நிற்கும். முகாமிலிருந்து ரத்து என்று மின்னஞ்சல் வரும். எங்களுக்கு இரண்டு முறை வந்திருக்கிறது.

2019-இல் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். விருதுநகர் பக்கத்துக் கிராமம், கண்மாய்க்கரையிலேயே வளர்ந்தவர். ஏரியைக் காட்டினோம். அழகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கலிங்கு எங்கடா இருக்கு? மறுகால் எப்பப் பாஞ்சுது?” என்று கேட்டார். அந்தக் கான்கிரீட் விளிம்பு மாதிரி தண்ணீர் வழியும் இடம்தான் கலிங்கு; அதில் வழிந்து ஓடுவது மறுகால். நான் அதுவரை யாரிடமும் கேட்டிராத கேள்வி. தேடிப் பார்த்தேன். அணை கட்டியதிலிருந்து 1957, 1990, 2007, 2015 ஆகிய வருடங்களில் மட்டும் மறுகால் பாய்ந்திருக்கிறது, அதிலும் 2015-இல் இரண்டு முறை. அன்றிலிருந்து சைட் எடுக்கும் முன் பொறியாளர் படை வெளியிடும் அன்றாட நீர்மட்டத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. 617-ஐ ஒட்டி இருந்தால் கரையோர சைட். ஏறிக்கொண்டே போனால் மேட்டு சைட்.

தண்ணீருக்குள் பழைய ஊர்கள் இருக்கின்றன என்பதையும் அம்மாவிடம் சொன்னேன். பிரெஸ்டன், ஹேகர்மன், ஓக்லஹோமா பக்கம் உட்வில் எல்லாம் அணைக்காக காலி செய்யப்பட்டவை. “மேட்டூர்ல மாதிரியா?” என்றார். ஆமாம், அதே மாதிரிதான். ஹேகர்மன் பெயரில் இப்போது ஒரு பறவைகள் காப்பகம் இருக்கிறது. குளிர்காலத்தில் வெள்ளை வாத்துகள் வயல் முழுக்க இறங்கும். முகாமிலிருந்து ஒரு காலைப்பொழுதை அதற்கு ஒதுக்கலாம்.

ஏரிக்குள் இறங்குபவர்கள் காலில் செருப்பில்லாமல் இறங்க வேண்டாம். வரிக்குதிரைச் சிப்பி என்ற சின்னச் சிப்பி 2009-இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. டெக்சாஸில் அதுதான் முதல் முறை. விரல் நகமளவுதான் இருக்கும், கோடு கோடாக. கல்லில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும் ஓட்டின் விளிம்பு பிளேடு மாதிரி. பெரியவளுக்கு உள்ளங்காலில் இரண்டு அங்குலத்துக்குக் கிழித்துவிட்டது. தண்ணீரில் போடும் ரப்பர் செருப்பு மூன்று வருடமாக எங்கள் பட்டியலில் இருக்கிறது. பரிசலோ படகோ எடுத்துப் போனால், வெளியே எடுத்ததும் கழுவி, தண்ணீரை வடித்து, காயவைத்த பிறகுதான் வேறு ஏரியில் இறக்க வேண்டும்.

இந்த ஏரியின் மீன் ‘ஸ்டிரைப்டு பாஸ்’. கடல் மீன், முட்டையிட ஆற்றுக்குள் ஏறும். முட்டை ஓடும் தண்ணீரில் மிதந்துகொண்டே பொரிய வேண்டும். உள்நாட்டு ஏரிகள் பலவற்றில் வருடாவருடம் குஞ்சு கொண்டுவந்து விடுகிறார்கள். இங்கே மேலே நீளமான ஆறுகள் இருப்பதாலும், ரெட் ரிவர் கொண்டுவரும் தண்ணீரில் உப்பு இருப்பதாலும் தானாகவே பெருகுகிறது. டெக்சாஸ் மாநிலப் பூங்காவுக்குள் கரையிலிருந்து தூண்டில் போட உரிமம் வேண்டாம். அதனால் புதியவர்கள் ஐசன்ஹவரில் தொடங்கலாம்.

சரி, பொருட்களுக்கு வருகிறேன். அந்த இரவில் உடைந்த டென்ட்டுக்குப் பதிலாக அலுமினியக் கம்பு உள்ள, உயரம் குறைவான டென்ட் வாங்கினோம். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. ஆறு வருடம் ஆகிறது, கம்பு ஒன்றுகூட வளையவில்லை. சமவெளியில் உயரமான டென்ட் பாய்மரம்தான். இங்குள்ள மண் கோடையில் செங்கல் போல இறுகிவிடும், ஐசன்ஹவரில் அடியில் சுண்ணாம்புப் பாறை. அதனால்தான் அந்த இரும்பு முளைகள். முளையை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடியுங்கள். மாடு கட்டும் முளையை அடிப்பது போல.

அடுப்பு இரண்டு பர்னர் புரொபேன். சின்னப் பச்சை சிலிண்டர் ஒன்று காற்றில்லாத நாளில் இரண்டு நாள் வரும். ஏரிக்காற்றில் தீ படுத்துக்கொண்டு ஒரே நாளில் தீரும். காரைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தி, அதன் மறைவில் சமைக்கிறோம். தகடு மறைப்பு வைப்பவர்கள் சிலிண்டரையும் சேர்த்துச் சுற்றி மூடிவிடாதீர்கள், சூடேறி ஆபத்தாகும்.

உண்மையில் எங்கள் சமையலை மாற்றியது அடுப்பு அல்ல, மின்சாரக் குக்கர். பல சைட்டுகளில் கேரவன்களுக்காக மின்சாரப் பெட்டி இருக்கிறது. அதன் மூடியைத் தூக்கினால் 30 ஆம்பியர் பெரிய துளைக்குப் பக்கத்தில், வீட்டில் இருப்பது போன்ற சாதாரண சாக்கெட்டும் இருக்கும். நான்கு வருடமாக அதில்தான் காலைப் பொங்கல். பனி இறங்கிய அக்டோபர் காலையில் குக்கரைத் திறந்ததும் மிளகும் நெய்யும் சேர்ந்த ஆவி முகத்தில் அடிக்க, ஏரிமேல் வெள்ளைப் பெலிக்கன்கள் வரிசையாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதற்காகவே நான் எழுபது மைல் ஓட்டுவேன். இட்லி மாவை மட்டும் மே மாதத்தில் கொண்டுபோகாதீர்கள். ஐஸ்பாக்ஸிலேயே பொங்கி வழிந்துவிட்டது.

ஐஸ்பாக்ஸுக்குப் பூட்டு அவசியம். ரக்கூன் என்ற சிறு விலங்கு விரலால் கொக்கியைத் திறக்கும். எங்கள் தயிரைக் காலி செய்த தடம் மறுநாள் மேஜை முழுக்க இருந்தது.

விறகு வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டாம். மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் விறகோடு பயணம் செய்கின்றன. மாநிலப் பூங்காவில் கீழே கிடப்பதைப் பொறுக்கவும் அனுமதி இல்லை. அருகில் உள்ள கடையில் ஓக் அல்லது மெஸ்கீட் வாங்கலாம். மெஸ்கீட்டை முதல் முறை எரித்தபோது வந்த மணம் எனக்குத் தெரிந்த மணம். நம்மூர்ச் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு அந்த மரம். மூட்டம் போட்ட கரியோடு வளர்ந்தவனுக்கு மறக்காது. கோடையில் மாவட்டம் தீ மூட்டத் தடை போட்டிருக்கும், பார்த்துவிட்டுப் போங்கள்.

ஆற்றங்கரையில் நாங்கள் தங்கியது குறைவு. ஆனால் இரண்டு இடங்களைச் சொல்லியாக வேண்டும். கிளென் ரோஸ் அருகே டைனோசர் வேலி பூங்கா. பலக்ஸி ஆற்றின் பாறைப் படுகையில் 11 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டைனோசர் காலடிகள் இருக்கின்றன. தண்ணீர் வடிந்த கோடைக்கடைசியில்தான் தெரியும். ஒரு பள்ளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. சின்னவள் இரண்டு காலையும் அதற்குள் வைத்து நின்றாள், இன்னும் இடம் மீதி இருந்தது. வெயிலுக்குப் பயந்து ஏப்ரலில் போனால் ஆற்றை மட்டும் பார்த்துவிட்டு வருவீர்கள்.

இன்னொன்று பாலோ டூரோ பள்ளத்தாக்கு, ஆறு மணி நேர ஓட்டம். தட்டையான நிலம் திடீரென்று பிளந்து, செம்மண் சுவர்களோடு கீழே இறங்குகிறது. அடியில் ஓடும் சிற்றோடை ரெட் ரிவரின் ஒரு கிளை. மழையில்லாத நாளில் முழங்கால்கூட நனையாது. முகாமுக்குப் போகும் சாலை அந்த ஓடையைப் பலமுறை தாண்டுகிறது. தாண்டும் இடங்களில் அளவுகோல் நட்டிருப்பதைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். மேலே எங்கோ பெய்த மழைக்கு ஒரு மணி நேரத்தில் சாலை மறைந்துவிடும். அங்கே கையில் அள்ளிய சிவப்புத் தண்ணீர் கடைசியில் டெக்ஸோமாவுக்குத்தான் வருகிறது என்று பிள்ளைகளிடம் வரைபடத்தில் காட்டினேன். அடுத்த முறை டெக்ஸோமாவின் மேற்குக் கோடியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கி வருவதைப் பெரியவள்தான் முதலில் பார்த்துச் சொன்னாள்.

பூச்சிக்கு ஒரு வார்த்தை. மே முதல் செப்டம்பர் வரை புல்லில் உட்கார வேண்டாம். ‘சிகர்’ என்ற கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்தால் ஒரு வாரம் அரிக்கும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். திரும்பியதும் பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

டெக்சாஸ் பூங்காக்களில் ஐந்து மாதத்துக்கு முன்பே பதிவு திறக்கிறது. வரும் அக்டோபர் மூன்றாம் வாரத்துக்கு ஐசன்ஹவரில் எடுத்துவிட்டேன். தண்ணீரிலிருந்து உள்ளே தள்ளி, வடக்கே சீடர் மரங்கள் உள்ள சைட். அம்மா மறுபடி வருகிறார். அவருக்காக மடக்குக் கட்டில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். போன முறை நேரமில்லாமல் போனது. இந்த முறை முதல் நாளே அணைக்குக் கூட்டிப்போய்க் கலிங்கைக் காட்ட வேண்டும்.