உவர்மலை இலவச உயர்தர வகுப்பு: தங்கச்சியை அனுப்பிய அண்ணனின் கருத்து

என் தங்கச்சி உயிரியல் பிரிவில் உயர்தரம் படிக்கிறாள். திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் சனி, ஞாயிறுகளில் நடக்கும் இலவச வகுப்புக்குப் போன வருடத்திலிருந்து போய் வருகிறாள். ஊரில் படித்து வேலைக்குப் போன சிலரும் வெளிநாட்டில் இருக்கும் சிலரும் சேர்ந்து செலவை ஏற்று நடத்துகிறார்கள். பிள்ளையை அனுப்பலாமா என்று கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள். பாடத்தை முதலிலிருந்து படிப்பிப்பது அவர்கள் வேலை இல்லை. நோட்ஸும் கொடுப்பதில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, விளங்காத ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு வர வேண்டும். கேள்வி இல்லாமல் போனால் அன்றைக்கு மூலையில் உட்கார்ந்து கேள்வி எழுதச் சொல்வார்கள்.

ஏழெட்டுப் பேர் ஒரு வெள்ளைப் பலகையைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவர் தன் கேள்வியை எழுதி, எதுவரை விளங்கியது, எந்த இடத்தில் நின்றுபோனது என்று சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகள் கேள்வி கேட்டுக் கேட்டு அவரை நகர்த்த வேண்டும். கூடவே ஒரு பல்கலைக்கழக மாணவர் இருப்பார். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்திலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம். அவர் விடை சொல்லமாட்டார். முதல் கிழமை தங்கச்சி அழாத குறையாக வந்தாள். "அண்ணா, அந்த அக்காவுக்கு விடை தெரியும், சொல்லுறா இல்லை" என்றாள். இப்போது வீட்டில் படிக்கும்போது தன்னைத்தானே அப்படிக் கேட்டுக்கொள்கிறாள். குசினியில் நிற்கும் அம்மாவுக்கும் கேட்கும்.

இந்த முறை இங்கே பிறந்தது இல்லை. அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் 1980இல் மேரி கேத்தரின் ஸ்வான்சன் என்ற ஆங்கில ஆசிரியை தன் பாடசாலையில் தொடங்கிய வகுப்பிலிருந்து வந்தது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் அந்தப் பாடசாலைக்கு வந்தபோது, அவர்களுக்கு இலேசான பாடம் கொடுக்காமல் கடினமான பாடத்திலேயே போட்டு, அதைத் தாங்கும் பழக்கத்தைப் பக்கத்தில் இருந்து பழக்கினார். அது பிறகு அவிட் என்ற பெயரில் இலாபநோக்கற்ற அமைப்பாக நாடு முழுக்கப் பரவியது. குறிப்புக் கொப்பியில் இடப்பக்கம் ஒடுக்கமான ஒரு நிரல் விட்டு அதில் கேள்விகள், வலப்பக்கம் குறிப்பு, அடியில் சொந்த வசனத்தில் சுருக்கம் எழுதுவதும் அங்கே உள்ள பழக்கம். தங்கச்சியின் இரசாயனவியல் கொப்பி இப்போது அப்படித்தான் இருக்கிறது.

என்னை முழுதாக நம்ப வைத்தது விடைத்தாள் திருத்தம். மாதத்தில் ஒருமுறை பாஸ்ட் பேப்பரிலிருந்து, சிறு சிறு பகுதிகளாகக் கேட்கும் அமைப்புக் கட்டுரையும் கட்டுரை வினாவும் நேரம் வைத்து எழுதுகிறார்கள். அடுத்த கிழமை ஒவ்வொரு தாளும் வரிக்கு வரி திருத்தி வருகிறது. கந்தகவீரொட்சைட்டும் ஒட்சிசனும் சேரும் சமநிலையில் அமுக்கத்தைக் கூட்டினால் என்ன நடக்கும் என்று ஒரு கேள்வி. "சமநிலை வலப்பக்கம் நகரும்" என்று தங்கச்சி எழுதியிருந்தாள். சரியான விடைதான், ஆனால் பாதிப் புள்ளி. இடப்பக்கம் மூன்று மூல் வாயு, வலப்பக்கம் இரண்டு மூல், அதனால் மூல் குறைந்த பக்கம் நகர்கிறது என்ற காரணம் இல்லை என்று சிவப்பில் எழுதியிருந்தது. முன்பு அவள் போன ரியூசனில் மண்டபம் நிறையப் பிள்ளைகள், சேர் மைக்கில் பேசுவார். அங்கே யார் தாளை யார் திருத்துவது? அந்தச் சேரைக் குறை சொல்லவில்லை, அவ்வளவு பேருக்கு ஒருவரால் முடியாது.

ஒரு வசனத்தில் போகும் புள்ளி எங்கள் பிள்ளைகளுக்குச் சின்ன விஷயம் இல்லை. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி என்பது மற்றவர்களின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரம் என்பதைத்தான் பார்க்கிறது. பெரும்பாலான விஞ்ஞானக் கற்கைநெறிகளில் 40 வீதம் இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படி, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. திருகோணமலை அந்தப் 16இல் ஒன்று. இதைப் பெற்றோருக்கு ஒரு ஞாயிறு முழுக்க உட்கார வைத்து விளக்கினார்கள். பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைத் திறந்து, கற்கைநெறிகளின் விருப்ப வரிசையை எப்படிப் போடுவது, மேலே போட்டதே முதலில் பார்க்கப்படும் என்பதால் பயத்தில் கீழானதை மேலே போடக்கூடாது என்று காட்டினார்கள். மீன்பிடிக்கும் தகப்பன்மார், தையல் தைக்கும் தாய்மார் எல்லோரும் கேள்வி கேட்டார்கள். அலுக்காமல் பதில் சொன்னார்கள். அந்த ஒரு நாளுக்காகவே அவர்களைக் கும்பிடலாம்.

குறைகள் உண்டு. பௌதிகவியலுக்கு ஆள் போதாது. சில கிழமைகளில் அந்தக் குழுவை இரசாயனவியல் ஆள்தான் சமாளிக்கிறார், அது தெரிகிறது. கலைப் பிரிவு, வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்றும் இல்லை, அது எனக்குக் கவலை. ஆங்கிலத்தைப் பரீட்சை முடிந்த பிறகுதான் கையில் எடுக்கிறார்கள். தமிழில் படித்த பிள்ளை மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ போனால் அங்கே விரிவுரை ஆங்கிலத்தில். அதை இப்போதே கிழமைக்கு ஒரு மணித்தியாலமாவது தொடங்கலாம். இதை நேரிலும் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள்.

வராத விஷயத்தில் கண்டிப்பு. சொல்லாமல் இரண்டு முறை நின்றால் இடம் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்குப் போகும். சில பெற்றோர் கோபப்பட்டார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது, இலவசம் என்பதால் இடம் வீணாகக் கூடாது. ஆனால் மூதூரிலிருந்தும் கிண்ணியாவுக்கு அப்பாலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு பஸ் தவறினால் அதையும் அதே கணக்கில் சேர்ப்பது சரியில்லை. மாலை வகுப்பு இழுபட்டால் பொம்பிளைப் பிள்ளைகள் திரும்பிப் போவதும் சிரமம். நேரத்துக்கு முடிக்கச் சொல்லி நாங்கள் சிலர் கேட்டு, இப்போது ஓரளவு சரியாகியிருக்கிறது.

சேர்வதற்கு சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு கேட்க வேண்டும். புள்ளியை வைத்து வடிகட்டுவதில்லை. ஏன் வர விரும்புகிறாய் என்று பிள்ளையே தன் கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், பிறகு தாயோ தகப்பனோ வீட்டுப் பெரியவரோ ஒருமுறை வந்து பேச வேண்டும். வேலை நாளில் வர முடியாதவர்களுக்கு இரவு ஏழு மணிக்குப் பிறகும் ஆள் இருக்கிறார்கள், நான் கடை பூட்டிவிட்டுத்தான் போனேன்.